வீட்டுப் போனை எடுத்த மருமகள்

கலியாணம் கட்டிப் போன வீட்டில் முதல் மாதம் ஒன்றையும் திருத்தக் கூடாது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றால் சீலைக் கொசுவத்தைத் திருத்தலாம், தலைவாசலில் கிடக்கும் செருப்புகளைத் திருத்தி அடுக்கலாம். அந்த வீட்டுத் தொலைபேசியில் மட்டும் கை வைக்கக் கூடாது. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குருநகர்க் கரைக்கு வள்ளங்கள் நேரங்கெட்ட நேரத்தில் ஓடி வந்திருக்காது, கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் நடுவில் குழம்பியிருக்காது, எனக்கும் இந்தக் கதையை எழுத வேண்டி வந்திருக்காது.

நான் பண்டத்தரிப்புக்காரி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வெங்காயம் தெரியும், புகையிலை தெரியும். கடல் என்பது பெருநாளுக்கு வாடகைக்கு வான் பிடித்துப் போய்க் காலை நனைத்துவிட்டு வரும் இடம். அப்படிப்பட்ட நான் அன்ரனைக் கட்டிக் குருநகருக்கு வந்தேன். அன்ரனும் அவருடைய அப்பாவும் ஒரே வள்ளத்தில் கடற்றொழிலுக்குப் போவார்கள். மாமி வீட்டையும் கோயிலையும் பார்ப்பார். எனக்குத்தான் பார்க்க ஒன்றுமில்லை.

குசினிக்குள் எட்டிப் பார்த்தால், "நீ போய் இரு பிள்ளை, சீலையிலை கறி பட்டிடும்" என்பார் மாமி. ஒருநாள் அடம்பிடித்து நண்டு கழுவப் போனேன். நண்டு என் விரலைப் பிடித்தது, நான் கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அதன்பிறகு நண்டுச் சட்டியை என் கண்ணில் படாமல் வைத்தார்கள். தேத்தண்ணீர் தட்டில் வந்தது, பிஸ்கட்டோடு. மாமாவோ என்னைக் கண்டால் சாரத்தைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பார். என்னோடு அவர் கதைத்ததெல்லாம் "ம்" தான். நான் இந்த வீட்டு மருமகளா, வந்து போக மறந்த விருந்தாளியா என்று எனக்கே விளங்கவில்லை. கிணற்றடியில் நின்று அழுதும் இருக்கிறேன். (வெங்காயம் உரித்தேன் என்று சமாளிக்கவும் முடியாது. பண்டத்தரிப்புக்காரிக்கு வெங்காயத்தில் கண்ணீர் வராது.)

இந்த நிலையில்தான் ஞாயிறு பத்திரிகையில் அந்தக் கட்டுரையைப் பார்த்தேன். வீட்டுப் போனையும் கைப்போனையும் சிக்கனமாகவும் ஒழுங்காகவும் பாவிப்பது எப்படி என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். தேவையில்லாத சேவைகளை நிறுத்துங்கள், உங்களுக்குப் பொருந்தும் பக்கேஜைத் தேடி எடுங்கள், சாப்பிடும்போது போனை ஒதுக்கி வையுங்கள், தெரியாத வெளிநாட்டு நம்பருக்குத் திருப்பி அடிக்காதீர்கள். வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. நண்டைத் தொடாமல் இந்த வீட்டுக்கு நான் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறதே!

முதலில் மாமாவின் போனை வாங்கிப் பார்த்தேன். தலைமுறை தலைமுறையாகச் செபமாலை சொல்லி வந்த வீட்டில் அவருக்கு ஒவ்வொரு காலையும் கன்னி ராசிக்குப் பலன் வந்துகொண்டிருந்தது. போனுக்கு ரீலோட் போடப் போட அது காசைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. கூடவே கிரிக்கெட் ஸ்கோர், தினம் ஒரு அழகுக் குறிப்பு. (மாமாவுக்கு!) எல்லாவற்றையும் நிறுத்தினேன். அன்று பின்னேரம் மாமி வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மேரியக்காவிடம், "உவளுக்கு உந்த விசயமெல்லாம் தண்ணிபட்ட பாடு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குத் தலை கால் தெரியவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது நானல்லவே.

வீட்டுப் போன் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் இருந்தது. அது அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். ஒரு தரம் அடித்து நின்றுவிடும். மாமி திரும்பியும் பார்க்காமல் எழும்பிப் போய் உலை வைப்பார். சிலவேளை இரண்டு தரம் அடிக்கும். அப்போது மாமி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவார். பாவம், மாமிக்குக் காது மந்தம் என்று நினைத்தேன். (இதைவிட மந்தமான ஒரு சாமான் அந்த வீட்டில் இருந்தது. அது என் தலைக்குள் இருந்தது.)

தேடித் திரிந்து ஒரு பக்கேஜ் எடுத்தேன். வீட்டு நம்பர்களுக்குள் எவ்வளவு கதைத்தாலும் காசில்லை. சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன்.

"இனி ஒருத்தரும் மிஸ்ட் கோல் அடிக்கத் தேவையில்லை மாமா. எடுத்து வடிவாய்க் கதைக்கலாம்."

"ம்" என்றார் மாமா.

"கதைக்க என்ன கிடக்கு?" என்றார் மாமி.

அன்ரன் மீன் முள்ளு எடுப்பதில் மும்முரமாக இருந்தார். இதை நான் ஏகமனதான தீர்மானமாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியமுன்னமே வள்ளம் போய்விட்டது. மாமி நவநாளுக்கு வெளிக்கிட்டார். கோயிலுக்குள் போன் சத்தம் போடக் கூடாது என்று அவருடைய கைப்போனைச் சத்தமில்லாமல் செய்து பைக்குள் வைத்துக் கொடுத்தேன். பிறகு ஒரு பெரிய தாளில் போன் பாவிக்கும் விதிகளை வண்ண வண்ணமாக எழுதத் தொடங்கினேன். முதல் விதி, "கதைத்து முடிந்ததும் ரிசீவரைச் சரியாக வைக்கவும்."

அப்போதுதான் வீட்டுப் போன் அடித்தது. பாய்ந்து போய்ப் பார்த்தேன், மாமாவின் நம்பர். முதல் அடி முடியமுன்னமே எடுத்துவிட்டேன்.

"ஹலோ மாமா!"

அந்தப் பக்கம் காற்றும் எஞ்சின் சத்தமும் கேட்டன. பிறகு டக்கென்று வெட்டுப்பட்டது. சிக்னல் போய்விட்டது போல என்று நானே திருப்பி அடித்தேன். கதைக்கக் காசில்லாத பக்கேஜ், விட்டுவிடலாமா? நீளமாக அடித்தது. எடுக்கும்போது வெட்டுப்பட்டது. திரும்ப அடித்தேன். திரும்பவும் வெட்டுப்பட்டது. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கை களைத்து, ரிசீவரை வைத்துவிட்டுப் போய்க் குளித்தேன். வைத்தேன் என்றால் வைத்ததாக நினைத்தேன். என் முதலாம் விதியை எழுதிய தாளின் சுருண்ட ஓரம் ரிசீவருக்குக் கீழே அகப்பட்டு, லைன் திறந்தபடியே கிடந்திருக்கிறது.

கடலில் நடந்ததைப் பிறகு அன்ரன் சொல்லித்தான் அறிந்தேன். அந்த வீட்டில் யாரும் போனை எடுப்பதில்லை. ஒரு அடி அடித்தால் கரைக்கு வாறோம், சாப்பாட்டைப் போடு. இரண்டு அடி என்றால் பிடிபாடு நல்லது, ஐஸோடு வா. இது கடலிலிருந்து வீட்டுக்கு. வீட்டிலிருந்து கடலுக்கு ஒரேயொரு சேதிதான் உண்டு. போன் நிற்காமல் அடித்தால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது, போட்டது போட்டபடி வா. அன்ரனின் பெரியப்பா தவறிய அன்றைக்குத்தான் அது கடைசியாக அப்படி அடித்தது. அதன்பிறகு நான் அடித்தேன்.

முதலில் மாமா வழக்கம்போல ஒரு அடியோடு வெட்டியிருக்கிறார், நான் எடுத்தது அந்தக் காற்றில் அவருக்குத் தெரியவில்லை. பிறகு நான் அடிக்க, அவர் போனைக் காதில் வைக்க வைக்க லைன் அறுந்திருக்கிறது. அவர்கள் திருப்பி அடித்தால் வீட்டுப் போன் எந்த நேரமும் லைனில் நிற்கிறது. மாமியின் போனோ நான் வாயைக் கட்டி அனுப்பிய போன், எத்தனை தரம் அடித்தாலும் ஒருவருக்கும் கேட்காது. வலை பாதி கடலுக்குள்ளே கிடக்கிறது. மாமா கத்தியை எடுத்து வலையை வெட்டிவிட்டு எஞ்சினை முறுக்கியிருக்கிறார். ஒரு வள்ளம் அப்படி ஓடினால் பக்கத்தில் நிற்கிற வள்ளங்கள் சும்மா நிற்குமா? அவையும் பின்னால் வந்தன. கரையில் நின்ற ஒருவர் அதைக் கண்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடி மாமியைக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு, விதிகளைச் சுவரில் ஒட்டுவதற்காக விரலில் பசையோடு நின்றேன். படலை திறந்த சத்தம் கேட்டது. திறந்த சத்தம் அல்ல, விழுந்த சத்தம்.

மாமா சொட்டச் சொட்ட நின்றார். அவருக்குப் பின்னால் அன்ரன். அவருக்குப் பின்னால் அரைக் குருநகர். ஒழுங்கையின் மற்றப் பக்கத்திலிருந்து மாமி, "அந்தோனியாரே, என்ரை வீட்டுக்கு என்ன வந்ததோ!" என்று குழறிக்கொண்டு ஓடி வந்தார். நவநாளுக்குப் போன பெண்கள் முக்காட்டோடு அப்படியே பின்னால் வந்தார்கள். கோயில் சுவாமியார், சாகக் கிடப்பவருக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலுக்கு எண்ணெயும் கையுமாக வந்து நின்றார்.

"பிள்ளை! உனக்கு ஒண்டும் இல்லையே?" என்றார் மாமா. "ம்" அல்லாத ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இல்லை மாமா. ஏன்?"

"அப்ப ஏன் மோனை அப்பிடி அடிச்சனி?"

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். வயிற்று வலி என்றாவது சொல்லியிருக்கலாம், எண்ணெயோடு வந்த சுவாமியாருக்கும் ஒரு மரியாதையாக இருந்திருக்கும். நான் உண்மையைச் சொன்னேன்.

"சாப்பிட்டனீங்களோ எண்டு கேக்க, மாமா."

பின்னாலே நின்ற மேரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்க, முக்காடுகள் சிரித்தன. வள்ளக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுவாமியார் எண்ணெய்ப் போத்தலைப் பைக்குள் வைத்துவிட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே மாமி" என்று ஓவென்று அழுதேன்.

"உதை ஆரும் சொல்லித் தாறதோ பிள்ளை? மூச்சு விடுறதெப்பிடி எண்டு உனக்குச் சொல்லித் தந்தவையோ?" என்று மாமி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

கூட்டம் கலைந்த பிறகும் வெட்டிய வலையை நினைத்து நான் அழுதேன். அந்த வலையில்தான் இந்த வீட்டுச் சாப்பாடு. வந்து ஒரு மாதம் ஆகுமுன்னமே அதில் பாதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். இனி என்னைப் பண்டத்தரிப்புக்கே பார்சல் கட்டி அனுப்பினாலும் கேட்க ஆளில்லை என்று நினைத்தேன்.

அன்ரன் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நான் 'பொறுங்கோ அப்பா, வலையை இழுத்துப்போட்டுப் போவம்' எண்டுதான் சொன்னனான். அவர் கேக்கேல்லை. 'அம்மா கோயிலிலை, பிள்ளை வீட்டிலை தனிய, அவளுக்கு ஏதும் எண்டால் வலையை வைச்சு என்ன செய்யிறது' எண்டு சொல்லிக்கொண்டே வெட்டினவர்."

எனக்குச் சட்டென்று அழுகை நின்றுவிட்டது. பயந்தது எனக்காகவா? என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிற மனுசன், கடலுக்கு நடுவில் நின்று என்னை நினைத்தா வலையை வெட்டினார்? அதற்குப் பிறகு வந்த அழுகை வேறு அழுகை. அன்ரனுக்கு வித்தியாசம் தெரியவில்லை, "வலை போனால் போகட்டும்" என்று தேற்றிக்கொண்டிருந்தார்.

மாமி குசினியிலிருந்து ஒரு சட்டியோடு வந்தார். வெட்டாத பாதி வலையில் அகப்பட்ட நண்டுகள் உள்ளே நடந்துகொண்டிருந்தன.

"அழுதது காணும். உதைக் கழுவித் தா. பின்னாலை பிடி, முன்னாலை பிடிச்சால் கடிக்கும்."

கழுவினேன். இரண்டு இடத்தில் கடி வாங்கினேன். அன்றைக்குத் தேத்தண்ணீர் தட்டில் வரவில்லை. நானே போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன்.

என் விதிகளில் பல இன்றைக்கும் அந்த வீட்டில் நடைமுறையில் இருக்கின்றன. ராசிபலன் திரும்பி வரவில்லை, சாப்பாட்டு மேசைக்குப் போன் வருவதில்லை. யாராவது என்னிடம் போனைப் பற்றி ஆலோசனை கேட்டால் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொல்வேன். பக்கேஜை மாற்றுங்கள், சேவையை நிறுத்துங்கள், அதற்கு முன்னால் அந்த வீட்டில் எந்த அடிக்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள்.

மாமாவோ அதன்பிறகு என் போன் வந்தால் எடுக்கத் தொடங்கினார். "ஹலோ" சொல்வதில்லை. "பிள்ளை, வலையை வெட்டட்டோ?" என்றுதான் கேட்பார். உப்புக்கு அடித்தாலும் அதே கேள்விதான். "வெட்டாதேங்கோ மாமா, வரேக்கை உப்பு வாங்கி வாங்கோ" என்பேன். கரையில் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

என் மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நானே கடலுக்கு அடித்தேன். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் வழக்கமான கேள்வி வந்தது.

"பிள்ளை, வலையை வெட்டட்டோ?"

"ஓம் மாமா, வெட்டுங்கோ" என்றேன்.

மனுசன் உண்மையாகவே வெட்டிவிட்டு வந்துவிட்டார். இரண்டு வலைக்கும் மாமி இன்றுவரை என்னைத்தான் ஏசுகிறார்.