பதில் மட்டும் உடனே வந்துவிடுகிறது

அன்று காலை பட்டறைக்காரரிடம் ஒரு கார் வந்தது. முன்பக்கம் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது. அடிபட்ட கார்களை நிமிர்த்துவதுதான் பதினாறு வருஷமாக அவர் பிழைப்பு. நசுங்கிய கார் புதிதில்லை. புதிது, அதன் சொந்தக்காரர் சொன்ன காரணம்.

சொந்தக்காரர் மருந்துக்கடை வைத்திருப்பவர். நெற்றியில் தன் கடைப் பிளாஸ்திரியையே ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு 'வரேன்' என்று மெசேஜ் அடித்தாராம். மூன்றே எழுத்து. மூன்றாவது எழுத்துக்கு விரல் போவதற்குள் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. முதலில் மெசேஜை அடித்தவர், அடுத்து லாரியை அடித்தார்.

பட்டறைக்காரருக்கு உடனே மனைவி ஞாபகம் வந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். மடங்காத கைகால்களை மடங்க வைப்பது அவள் வேலை. வீட்டில் இவர் ஏற்கெனவே மடங்கியிருந்ததால் வேலை குறைவு. எட்டரைக்குக் காரில் கிளம்புவாள். நாற்பது நிமிஷ ஓட்டம். சரியாக எட்டே முக்காலுக்கு இவர் 'எங்க இருக்க?' என்று ஒரு மெசேஜ் அனுப்புவார். இந்த ஒரு வாரமாக அரை நிமிஷத்தில் பதில் வந்துகொண்டிருந்தது. நேற்றுவரை அதில் அவருக்கு ஏகப் பெருமை.

இப்போதுதான் உறைத்தது. எட்டே முக்காலுக்கு அவள் நடுரோட்டில் அல்லவா இருக்கிறாள்?

நேரில் கேட்டுவிடலாம். அவளிடம் நேரில் கேட்க ஒரு தைரியம் வேண்டும். அது கல்யாணத்துக்கு முந்தின வாரமே அவரிடம் தீர்ந்துபோயிருந்தது. ஆகவே, சத்தமில்லாமல் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார்.

மறுநாள் வழக்கமான கேள்விக்குப் பதிலாக, 'மத்தியானம் மழை வருமா?' என்று அனுப்பினார். பதில் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். அரை நிமிஷத்தில் வந்தது: 'வரும். மாடியில துணி காயுது, எடுத்துடுங்க.' போனைப் பார்த்துக்கொண்டே துணியை எடுத்தார்.

அடுத்த நாள், 'சாயங்காலம் என்ன வாங்கிட்டு வரணும்?' என்று கேட்டார். பதினோரு சாமான் வந்தது, அளவோடு. ஒவ்வொரு சாமானைப் படிக்கும்போதும் அவர் கண் முன்னால் ஒரு லாரி பிரேக் போட்டது. சோப்பு என்ற இடத்தில் ஒரு தண்ணீர் லாரி. துடைப்பத்துக்கு நேரே ஒரு பஸ். கீழே, 'சீக்கிரம் கெட்டுப்போற பழம் வேண்டாம்' என்று அறிவுரை வேறு. பதில் வராவிட்டால் அவருக்கு உயிர் போய்விடும். வந்தால் அதைவிட வேகமாகப் போயிற்று.

மூன்றாம் நாள் அவரால் தாங்க முடியவில்லை. கையும் களவுமாகப் பிடித்து, காலில் விழுந்தாவது நிறுத்தவைப்பது என்று தீர்மானித்தார். பட்டறையில் ஒரு சின்னப் பச்சைக் கார் வேலை முடிந்து நின்றது. யாரோ ஒரு அம்மாவுடையது. சுவரில் இடித்து உடைந்துபோனதென்று அந்த அம்மாவின் தம்பி கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார். முந்தின நாள்தான் புது ஹெட்லைட் மாட்டியது. ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகப் பெயிண்டரிடம் சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு போய், ஆஸ்பத்திரி ரோடு திரும்பும் இடத்தில் காத்திருந்தார்.

மனைவியின் கார் வந்தது. பின்கண்ணாடி முழுக்க வெயில் மறைப்பு. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நாலு கார் இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தார். மணி எட்டே முக்கால்.

இப்போது மெசேஜ் அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் அவள் பதில் எழுதுவாள், எழுதினால்தான் கார் தடுமாறுவது தெரியும். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போன். 'எங்க' என்று அடித்தார். நிமிர்ந்து பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி குனிந்தார். 'இருக்க' வந்தது. கேள்விக்குறியைத் தேடினார்.

கேள்விக்குறி கிடைப்பதற்குள் முன்னால் போன கார்கள் நின்றிருந்தன. ஸ்டியரிங்கை ஒடித்தார். பச்சைக் கார் நடைபாதையில் ஏறி, இரும்புக் குப்பைத்தொட்டியில் முட்டி நின்றது. நல்ல வேளை, நடைபாதையில் யாரும் இல்லை.

முன்னால் போன மனைவியின் கார் ஓரமாக நின்றது. மனைவி இறங்கி ஓடிவந்தாள். ஆனால் ஓட்டுகிற பக்கத்திலிருந்து இறங்கியது வேறொரு அம்மா.

அடிபடவில்லை என்று தொட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகு, மனைவி அவர் மடியில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தாள். 'எங்க இருக்க' என்று அது இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ... நீ ஓட்டலையா?" என்றார்.

"ஓட்டினா உங்களுக்கு யாரு பதில் எழுதறது?" என்றாள். "போன வாரம் ஒரு நாள் எழுதலை. ஆஸ்பத்திரிக்கு ஒன்பது தடவை போன் பண்ணீங்க. வார்டுல உங்களுக்கு 'எங்க இருக்க சார்'னே பேர். அதான், கூட வேலை பார்க்கிற இவங்களை ஓட்டச் சொல்லிட்டு, நான் பக்கத்துல உக்காந்து உங்களுக்குப் பதில் எழுதிட்டு வரேன். இவங்க கார் இப்ப ரிப்பேர்ல இருக்கறதால வசதியாப் போச்சு."

இத்தனை நாளும் அவளைக் கொல்லப் பார்த்தது லாரி இல்லை, தான்தான் என்று அவருக்குப் புரிந்தது. நாளை முதல் அவளே ஓட்டுவாள், வண்டி கிளம்பும்போது போன் டிக்கிக்குள் போய்விடும், போய்ச் சேர்ந்ததும் அவளே கூப்பிடுவாள், இவர் வண்டி எடுத்தாலும் இதே சட்டம்தான் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். போனை அவளே கொண்டுபோய் டிக்கியில் வைத்து மூடினாள்.

கூட வந்த அம்மா இதற்குள் உடைந்த ஹெட்லைட்டின் முன்னால் குனிந்து நின்று, சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத காருக்கு இவ்வளவு வருத்தப்படுகிறாரே, நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார் பட்டறைக்காரர். மனைவி பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"கார்க்காரங்க கிட்ட நாய் குறுக்க வந்துடுச்சுன்னு சொல்லிடறேன். நீயும் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."



"இப்பவே சொல்லிடுங்க," என்றாள். "அதோ, பொறுக்கிட்டு இருக்காங்க."