குப்பை வண்டியில் வந்த உண்மை

தமிழ்நாட்டில் ஒளிவுமறைவில்லாத நிர்வாகம் எங்கேயாவது நடந்தது என்றால், அது மைக் பாயின் குப்பை வண்டியில்தான். எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நான் கிளார்க். அறிவிப்புகளை எழுதிக் கொடுப்பது என் வேலை. வண்டியை ஓட்டிக்கொண்டே அதை மைக்கில் வாசிப்பது பாயின் வேலை. எழுதியதை மட்டும் வாசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை.

ஒரு ஆனி மாதம், “தொழில்நுட்பக் காரணங்களால் குடிநீர் வராது” என்று எழுதிக் கொடுத்தேன். பாய் தெருத்தெருவாகச் சொன்னது இது: “மோட்டார் பூடுச்சு. ரிப்பேர் பாக்குற இன்ஜினியரு சிதம்பரத்துல தேர் பாக்கப் போயிருக்காரு. அவுரு வந்தாதான் தண்ணி!”

இன்ஜினியர் காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆணையர் கூப்பிட்டுக் குதித்தார். “யாரைக் கேட்டு இதெல்லாம் சொன்னீங்க?”

பாய் அசரவில்லை. “ஜனங்க மனு போட்டுக் கேட்டா சொல்லித்தான சார் ஆவணும்? கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா தங்கச்சிக்கு வேலை மிச்சம்.”

தங்கச்சி என்றது என்னை. சொன்னதும் நிஜம்தான், தகவல் உரிமை மனுக்கள் என் மேஜைக்கு வருவது அறவே நின்றுபோயிருந்தது. அதை நான் ஆணையரிடம் சொல்லவில்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறது.

மைக் பிடுங்கப்பட்டது. அதற்குப் பதிலாக, பதிவு செய்த ஒரு பெண் குரல் வண்டியில் ஏறியது. குழாயில் வெறும் காற்று வந்தாலும் “குடிநீர் சீராக வழங்கப்படுகிறது” என்று தேனாகச் சொல்லும்.

ஐப்பசியில் மழை கொட்டியது. வாய்க்காலோரத் தெருவுக்கு முதல் நாள் “அச்சப்பட வேண்டாம்” என்றது அந்தக் குரல். மறுநாள் மத்தியானம் கரை அரிக்கத் தொடங்கியதும், “உடனே வெளியேறவும்” என்றது. ஒருவரும் அசையவில்லை. “அந்தம்மா எதையாச்சும் சொல்லிக்கினே கெடக்கும், நீ போம்மா” என்று என்னிடமே சொல்லிவிட்டு ஒருத்தி குழம்பைக் கிளறப் போனாள். தெரு நிறையக் குழந்தைகள். ஆணையருக்குப் போன் போட்டேன். ஜீப்பில் வந்து இறங்கித் தெருவைப் பார்த்தார்.

“பாயைக் கூப்பிடுங்க” என்றார்.

நான் எழுதிக் கொடுத்த தாளைப் பாய் மடித்துப் பையில் செருகிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். “நான் பாய் பேசுறேன். தண்ணி எறைக்கிற பம்பு ஓடல, டீசல் வரல. கரை நிக்காது. நேத்து பயப்படாதீங்கன்னு சொன்னோமே, அது தப்பு. எனக்கே பயமாருக்கு. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க. சாம்பார் சாதம் இருக்கு, சுமாராத்தான் இருக்கும்.”

தெரு மொத்தமும் கிளம்பியது. கடைசி ஆளும் பள்ளிக்கூடப் படி ஏறிய கொஞ்ச நேரத்தில் கரை உடைந்தது.

சாம்பார் சாதம் சுமாருக்கும் கீழே. அதை அள்ளி அள்ளிச் சாப்பிட்ட குழந்தைகளைப் பார்த்ததும் நான் ஓவென்று அழுதுவிட்டேன். பாய் கையில் மைக் இருந்தது. “பாய், இதை மட்டும் சொல்லிடாதீங்க” என்று கெஞ்சினேன்.

மைக்கை அணைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊருக்குச் சொல்லாமல் அவர் வைத்துக்கொண்ட ஒரே தகவல் அதுதான். இப்போது நானே சொல்லிவிட்டேன், பாய் சந்தோஷப்படுவார்.