பிழையில்லாத புகார்

அந்தமானின் மாயாபந்தரில் ஒரு கல்லூரியில், மாணவர் சமுதாயத்தின் எழுத்தாற்றலை உயர்த்தும் உன்னத நோக்கத்தோடு, 2011-இல் ஓர் எழுத்துப் பயிற்சி மையம் திறக்கப்பட்டது. ரிப்பன் வெட்டினார்கள், சமோசா தின்றார்கள். அப்புறம் இரண்டு மாதம் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. எழுத வராதவர்கள் கப்பல் ஜெட்டியோரம் டைப்பிஸ்ட் கடைக்குப் போய்ப் பழகிய ஊர் அது.

மாணவர்களை ஊக்குவிப்பது என்று பிரின்சிபால் சுரேந்திரன் தீர்மானித்தார். ஊக்குவித்து ஒரு சர்க்குலர் போட்டார்: இனி மையத்தின் முத்திரை இல்லாத எந்தக் காகிதமும் ஆபீசில் வாங்கப்படாது. மறுநாளே வாலிபால் கிரவுண்டைச் சுற்றி வரிசை நின்றது. வயிற்றுப்போக்குக்கு லீவு கேட்டவனும் அதில்தான் நின்றான், பாவம்.

தமிழரசியும் நின்றாள். கச்சால் தீவில் ரப்பர் பால் எடுக்கும் பழனியாண்டியின் மகள். சுனாமியில் வீடு போனதிலிருந்து, இவள் டீச்சராக வேண்டும் என்பது ஒன்றுதான் அந்தக் குடும்பத்துக்கு மிச்சமிருந்த ஆசை. மெயின்லேண்டில் பி.எட். சீட்டுக்கான விண்ணப்பம், கல்லூரி ஆபீஸ் வழியாக, வெள்ளிக்கிழமைக்குள் போர்ட் பிளேயர் போய்ச் சேர வேண்டும். திங்கட்கிழமையே நீட்டிவிட்டாள்.

மையப் பொறுப்பாளர் யோகராஜ் நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உயிர் இல்லம்மா. நாளைக்கு வா."

"இதுல பேரும் அட்ரசும்தானே சார் இருக்கு?"

"அட்ரஸ்லயும் ஒரு ஓட்டம் வேணும்."

செவ்வாயன்று ஒரு வரியை மாற்றினார். புதனன்று அதைப் பழையபடியே ஆக்கினார். வியாழனன்று முத்திரை மை தீர்ந்துபோக, போர்ட் பிளேயருக்கு எழுதிப் போட்டார். சனிக்கிழமை பஸ்ஸில் மை வந்தது.

முத்திரை பளிச்சென்று விழுந்த விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு தமிழரசி அழுதாள். "சரி விடும்மா, பாத்துக்கலாம்" என்று போனில் அப்பா சொன்னது அவளை இன்னும் அழவைத்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. மையத்தின் மீது மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதி ஆபீசில் கொடுத்தாள்.

"அரே பேட்டி, முத்திரை இல்லாம எதுவும் மேல போகாது மகளே" என்றார் பியூன் ஐயாவு, தீவு இந்தி கலந்து.

"புகாரே அந்த மையத்து மேலதான் அங்கிள்."

"அச்சா. அப்போ அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும், சீக்கிரம் முடிச்சிடுவாங்க."

யோகராஜ் புகாரைப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் முகமோ மலர்ந்தது.

"'தாமதம்'னு மொட்டையா எழுதியிருக்க. 'மன்னிக்க முடியாத அலட்சியம்'னு போடு. என் பேருக்கு முன்னால 'பொறுப்பற்ற'னு சேத்தா எடுப்பா இருக்கும்."

கால் மணி நேரத்தில் முத்திரை விழுந்தது. வரிசைக்கே ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது.

"தங்கள் புகாரை மூன்று அதிகாரிகள் ஆராய்ந்தோம். அதில் ஒரு பிழைகூட இல்லை. இத்தகைய மாணவியை உருவாக்கிய மையத்தின் மீதான குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்பது இதனால் தெளிவாகிறது. எல்லாத் தீவுகளிலும் இத்தகைய மையங்கள் திறக்கப்படும். அவற்றில் ஆசிரியராகத் தங்களையே நியமிக்க ஒருமனதாக விரும்பினோம். தங்களிடம் பி.எட். இல்லாததால் இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."