பார்த்து வாங்கின கார்டு

‘பார்த்து வாங்கினவர்’ என்று ஓர் இனம் உண்டு. காட்டுக்குப் போய்த் தேட வேண்டாம். வீட்டுக்கு ஒருவர் வீதம் பரவியிருக்கிறது. நீங்களும் நானும் கடைக்குப் போனால் ஒரு பொருளை வாங்குகிறோம். இவர் பார்த்து வாங்குகிறார். இரண்டும் ஒன்றா? நாம் வாங்கிய பொருள் ஒரு நாள் கெட்டுப்போகும். இவர் பார்த்து வாங்கிய பொருள் கெடாது. அது ஓடாமல் நின்றால், அதைச் சுற்றியுள்ள உலகம் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு மாடி அறைக்கு வாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்; உள்ளே விசாரணை நடக்கிறது.

விசாரிப்பவர் அண்ணன். உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது; ஆனால் நாலாயிரம் சாமான்களில் எந்த வாஷர் எந்தத் தட்டில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவருக்கு ஒரே தங்கை. கட்டடங்களின் உள்ளமைப்பைக் கம்ப்யூட்டரில் வரைகிறவள். "சுவரு எழும்புறதுக்கு முன்னாடியே உள்ள நடந்து காட்டுவா எங்க பாப்பா" என்று கிடங்குக்கு வருகிற லாரி டிரைவர்களை ஒருவர் விடாமல் நிறுத்திவைத்துச் சொல்வார். பாப்பாவுக்கு இருபத்தெட்டு வயது.

அப்படித் திரைக்குள் நடந்து காட்ட வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று வேண்டும். படத்தைத் தயாரித்துத் திரைக்கு அனுப்புவது அதன் வேலை. அதை ஆறு மாதத்துக்கு முன்னால், பழைய சாமான் கடையில் மூன்று மணி நேரம் நின்று, அண்ணன் பார்த்து வாங்கி வந்தார். எப்படிப் பார்த்தார் என்கிறீர்களா? உள்ளங்கையில் ஏந்திக் கனம் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். வெயிலில் காட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அதன் விசிறியை விரலால் சுண்டிவிட்டுக் காதோரம் வைத்துக் கேட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர்கள்கூட மாப்பிள்ளையை இப்படிப் புரட்டிப் பார்த்ததில்லை. கொண்டுவந்து மாட்டியதும் திருகாணியின் தலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தார். அது கிடங்கு வழக்கம். பொட்டு கலைந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அந்தக் கார்டு இன்று காலை ஒன்பதரைக்குக் காலை வாரிவிட்டது. திரை முழுக்கப் பச்சைக் கோடுகள், பிறகு கட்டம் கட்டமாகச் சிதறல், பிறகு இருட்டு. மறுபடி போட்டால் மறுபடி அதே மூன்று அங்கம். மற்ற நாளாக இருந்தால் போகிறது என்று விடலாம். இன்று நாலு மணிக்குப் பல் டாக்டரம்மா வருகிறார், தன் புது ஆஸ்பத்திரியின் அறைகளைத் திரையில் பார்க்க. பிடித்தால் வேலை தங்கைக்கு; கம்பெனியை விட்டு வந்த பிறகு அவளுக்குக் கிடைக்கும் முதல் பெரிய வேலை. பார்க்க முடியாவிட்டால் நாளைக் காலையில் வேறு ஆளிடம் போவதாக டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார்.

"அண்ணா, கார்டு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"எது?"

"கார்டுண்ணா."

"பாப்பா, கார்டு நான் பார்த்து வாங்கினது."

அவ்வளவுதான். கார்டு குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடப்பட்டு, உட்கார நாற்காலியும் போடப்பட்டது. இனி மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறலாம்.

அண்ணன் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டார்: மணி, அறிகுறி, சந்தேகம், முடிவு. முதல் சந்தேகம் வயர் மேல். வயர் கழற்றப்பட்டு, துடைக்கப்பட்டு, தலைகீழாக மாட்டப்பட்டது. கோடு போகவில்லை. இரண்டாவது, சுவரிலிருந்த பிளக். மூன்றாவது, மேசையின் ஒரு கால் குட்டை; அட்டை மடித்து வைத்துச் சமன் செய்தார். கோடுகள் அப்போதும் நின்றன, முன்னைவிட நேராக. நாலாவதாகச் சந்தேகத்துக்கு உள்ளானவர் அவரைப் பெற்ற தாய்.

"அம்மா, மிக்ஸியை நிறுத்து! கரண்ட் கலங்குது!"

"கலங்குறதுக்குக் கரண்ட் என்ன குட்டையாடா?" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. "பத்து நிமிஷமா மிக்ஸி சும்மாத்தான் இருக்கு. அரைக்கிறது நீதான்."

அண்ணன் அதையும் எழுதிக்கொண்டார்: ‘மிக்ஸி நிறுத்தம். பலன் இல்லை. வாய் மட்டும் ஓடுகிறது.’

"ஒரே ஒரு நிமிஷம் கார்டைக் கழட்டிப் பார்த்துடலாம்ணா. கார்டு இல்லாட்டியும் மதர்போர்டுலயே சின்னதா ஒரு வழி இருக்கு. வயரை அதுல சொருகினா படம் வரும். மெதுவாத்தான் வரும், ஆனா வரும்."

"நல்லா இருக்கிறதைக் கழட்டக்கூடாது. உன் படத்துல எத்தனை செடி வச்சிருக்கே?"

"வரவேற்பறையில ஏழு."

"அதான் பச்சை வழியுது. எடு."

தங்கை அண்ணன் முகத்தைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் இருட்டுக்குப் போவதற்கு முன் கிடைத்த அரை நிமிடத்தில் ஏழு செடிகளையும் பிடுங்கினாள். அடுத்த முறை போட்டபோது கோடுகள் ரோஸ் நிறத்தில் வந்தன. அண்ணனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ‘மணி 12.10. செடி அகற்றம். பச்சை நின்றது. இப்போது ரோஸ். நோயாளி உட்காரும் சோபா ரோஸ் என்பதால் சோபா மேல் சந்தேகம்.’

சோபாவும் போயிற்று. பிறகு தங்கை கடைசியாக ஒரு யோசனை சொன்னாள்: வேறு திரையில் மாட்டிப் பார்ப்போம், அதிலும் கோடு வந்தால் திரை மேல் தப்பில்லை. அண்ணனுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்களுடைய டிவியைக் கெஞ்சி வாங்கி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிவந்து மேசையில் வைத்து மாட்டினார். டிவியிலும் அச்சு அசலாக அதே கோடுகள்.

தங்கை ஸ்குரூ டிரைவரை அண்ணன் பக்கம் நகர்த்திவைத்தாள். இனி என்ன பேச வேண்டியிருக்கிறது?

அண்ணன் வெகுநேரம் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நோட்டில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: ‘இரண்டு திரையும் பழுது.’

எழுதியதோடு விட்டாரா? டிவியைத் திருப்பிக் கொடுக்கும்போது துக்கம் விசாரிக்கிற குரலில், "உங்க டிவி ரொம்ப நாள் தாங்காதுங்க. மனசைத் தேத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் அதை மாட்டிப் பளிச்சென்று படம் வருவதைப் பார்த்தும் நம்பாமல், அன்று மாலை வரை அதன் முன்னால் கவலையோடு உட்கார்ந்திருந்தார்.

மூன்றரைக்கே டாக்டரம்மா வந்துவிட்டார். அண்ணன் நோட்டை விரித்து, காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். டாக்டரம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி பொறுமையாகக் கேட்டார். வாயைத் திறந்துகொண்டு பேசுகிறவர்களைக் கேட்டுப் பழகியவர்.

"சூடானா அதிகமாகுதா?"

"ஆமாங்க மேடம்."

"கொஞ்ச நேரம் சும்மா விட்டா அடங்குதா?"

"அடங்குது."

"எல்லாத்தையும் பார்த்தீங்க. நடுவுல ஒண்ணை மட்டும் தாண்டித் தாண்டிப் போறீங்களே?"

"அது நான் பார்த்து வாங்கினது மேடம்."

"எங்கிட்ட வர்றவங்களும் இப்படித்தாங்க. எந்தப் பல்லு வலிக்குதுன்னு கேட்டா வாயிலிருக்கிற அத்தனையையும் காட்டுவாங்க. ஆசையா தங்கம் வச்சுக் கட்டின பல்லை மட்டும் காட்டவே மாட்டாங்க." டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் நாளைக்கு வேற இடத்துல பார்த்துக்கிறேன். பரவால்லம்மா."

தங்கை "சரிங்க மேடம்" என்றாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கீபோர்டை ஒரு துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பொத்தானாக, தலை நிமிராமல்.

அண்ணன் அதைப் பார்த்தார். லாரி டிரைவர்களிடம் என்ன சொல்வது? அதுகூடப் பெரிதில்லை, கம்பெனியை விட்டு வந்த அன்று அவள் இதே துணியால் இதே மேசையைத் துடைத்துவிட்டுச் சிரித்தது அவருக்கு நினைவு வந்தது.

"மேடம், அஞ்சு நிமிஷம்" என்றார். ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் முன் மண்டியிட்டார். சிவப்புப் பொட்டின் மேல் அதை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் அறிவித்தார்:

"கார்டு மேல தப்பு ஒண்ணும் இல்ல. ஆறு மாசமா லீவே எடுக்காம உழைச்சிருக்கு. இன்னிக்கு ஒரு நாள் ரெஸ்ட் கொடுக்கிறேன்."

"கொடுக்கலாம்ணா" என்றாள் தங்கை. "பாவம், அதுவும் எத்தனைதான் தாங்கும்?"

பொட்டு உடைந்தது. கார்டு வெளியே வந்தது. வயரை மதர்போர்டின் சின்ன வழியில் சொருகினார்கள். திரை, கழுவிவிட்ட சிலேட்டுப் போல வந்து நின்றது. படம் மட்டும் ஆமை வேகத்தில் நகர்ந்தது. வரவேற்பறைக் கதவிலிருந்து சிகிச்சை நாற்காலிக்குப் போய்ச் சேர முழுதாக நாலு நிமிடம். தங்கைக்கு வியர்த்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க மேடம், ரொம்ப மெதுவாப் போகுது."

"சரியான வேகம்தாம்மா" என்றார் டாக்டரம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த நாற்காலிக்கு யாரும் ஓடி வந்து நான் பார்த்ததில்ல. வேலையை நீயே செய். ஆனா வரவேற்பறை ஏன் மொட்டையா இருக்கு? உட்காரக்கூட ஒண்ணும் இல்லியே. ஒரு சோபா போடு, நாலு செடி வையேன்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமானதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா படியிறங்கியதும் நோட்டில் கடைசி வரி ஏறியது: ‘மணி 4.20. கார்டு ஓய்வில். திரை தெளிவு. காரணம்: டாக்டரம்மாவின் கைராசி.’ கார்டைப் பழைய துண்டில் சுற்றி, ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று சீட்டு எழுதி ஒட்டி, பீரோவில் துணிகளுக்கு நடுவே படுக்க வைத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் நீங்கள் சிரிப்பதற்கு நடுவே உங்கள் தலைக்கு மேலே கரக் கரக் என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது என்ன? மின்விசிறிதானே? யார் வாங்கியது? நீங்களா?

ஓ, சத்தம் உங்கள் விசிறியில் இல்லை, மேல் வீட்டிலிருந்து வருகிறதா! சரி, சரி. அப்படியென்றால் நான் வருகிறேன்.