கடல்பக்கம் ஏழு, ரோட்டுப்பக்கம் ஏழு

வெள்ளவத்தையில் நான் கண்ட மனிதர்களில் சகிக்கவே முடியாதவர் யார் என்று கேட்டால் எனக்கு யோசிக்க ஒரு நொடி கூடத் தேவையில்லை. வாடகை கூட்டுவதற்கென்றே பிறந்த வீட்டுக்காரர்கள், ஆறாம் மாடியைக் காட்டிவிட்டு லிஃப்ட் அடுத்த மாதம் வரும் என்று சொல்லும் தரகர்கள், கத்தரிக்காயைத் தொட்டாலே சீறும் மரக்கறிக் கடைக்காரர் எல்லாரும் தள்ளி நிற்கட்டும். முதலிடம் நாலரைக்குத்தான்.

நாலரை ஒரு பெண். நாங்கள் இருந்த பெண்கள் ஹொஸ்டலின் பதிவுப் புத்தகத்தில் அவளுக்கு நல்லதொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரால் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. ஏழரை என்று வைக்கத்தான் முதலில் நினைத்தோம். சனி பகவான் கோபித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம்.

அவளுக்கு வேலை ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். புரதம் என்றால் நமக்குப் பருப்பும் முட்டையும். அவளுக்கு அது ஒரு மணிச்சங்கிலி. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்தச் சங்கிலி சும்மா நீட்டிக் கிடக்காமல் நூல்பந்து மாதிரிச் சுருண்டுகொள்கிறதாம். அப்படிச் சுருளும்போது எந்த மணி எந்த மணியைத் தொடுகிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துப் பட்டியல் போடுவதற்கு அவளுக்கு மாதாமாதம் உதவித்தொகை வந்தது. இரண்டு மணிகளுக்கு இடையில் நாலரை ஆங்ஸ்ட்ரமோ அதற்குக் குறைவோ இருந்தால் தொடுகை. கொஞ்சம் கூடினாலும் இல்லை. ஒரு மீற்றரை ஆயிரம் கோடித் துண்டாக வெட்டினால் வரும் ஒரு துண்டுதான் ஆங்ஸ்ட்ரம் என்று எனக்கு விளக்கினாள். வெட்டுகிறவன் பாவம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் எதற்கும் சிரித்ததில்லை.

இந்த நாலரையை அவள் வேலைத்தலத்தில் வைத்துவிட்டு வந்தாலாவது பரவாயில்லை. காலி வீதி பஸ்ஸில், காலை எட்டு மணிக்கு, மூச்சு விட இடமில்லாத நெரிசலில், "இஸ்ஸரஹட்ட யன்ன நங்கி" என்று கண்டக்டர் சிங்களத்தில் முன்னுக்குப் போகச் சொல்லித் தள்ளும்போது என் காதில் சொல்வாள்: "அக்கா, இந்த பஸ்ஸில எல்லாரும் எல்லாரையும் தொடுகினம். இதில ஒரு தகவலும் இல்லை." தகவலுக்காகவா நான் பஸ் ஏறினேன்? கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் காப்புறுதி அலுவலகம் இருந்தது, அங்கே விரல் அடையாளம் வைக்கும் மெஷின் இருந்தது, எட்டரைக்குப் பிறகு வந்தவரை அது மன்னிப்பதில்லை.

கட்டிலுக்கு மேல் சுவரில் பெரிய சதுரத் தாள் ஒன்றை ஒட்டியிருந்தாள். தாள் முழுக்கப் புள்ளிகள். ஐந்தாம் மணி எண்பதாம் மணியைத் தொட்டால் ஐந்தாம் வரிசையின் எண்பதாம் கட்டத்தில் ஒரு புள்ளி. எங்கள் மேட்ரன் அன்ரி கொட்டாஞ்சேனைக்காரர், செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அவர் அந்தத் தாளை ஒரு கிழமை சந்தேகத்தோடு பார்த்தார். "கட்டமும் புள்ளியுமா யாரோ செஞ்சு வச்ச மாதிரி இருக்கு மகள். இது நல்லதுக்கு இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவள் இல்லாத நேரம் அதன்மேல் தீர்த்தம் தெளித்தார். மை கரைந்து புரதத்தின் மேல்மூலை நீல ஆறாக ஓடியது. நாலரை வந்து பார்த்தாள், கோபிக்கவில்லை, வேறொரு தாளை எடுத்து ஒட்டினாள். மேட்ரன் அன்ரி பயந்துபோய் அதன்பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

இனி அவளுடைய மகா குணத்துக்கு வருகிறேன். எங்கள் ஹொஸ்டல் ஒரே ஒரு நீள மண்டபம். கடல்பக்கச் சுவரோரம் பத்துக் கட்டில், ரோட்டுப்பக்கச் சுவரோரம் பத்துக் கட்டில். இரண்டு வரிசையிலும் வாசலில் இருந்து ஒன்று, இரண்டு என்று எண். நான் கடல்பக்கம் ஏழு. அவள் ரோட்டுப்பக்கம் ஏழு. அவளுடைய தலைமாட்டில் ஒரு தூண் இடித்ததால் அவள் கட்டில் முன்னுக்கு வந்து என் கட்டிலோடு கால்மாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. எட்டு, ஒன்பது, பத்துக்காரிகள் எங்களைத் திட்டிக்கொண்டு சுவரோரமாகச் சுற்றிப் போவார்கள்.

ஹொஸ்டலுக்குள் நாலரை வாசலருகே ஒன்று, இரண்டு, மூன்றாம் கட்டில்காரிகளோடு மட்டும்தான் கதைப்பாள். மற்றவர்கள் குட்மோர்னிங் சொன்னால் சுவரைப் பார்ப்பாள். ஏன் என்று ஒருநாள் பஸ்ஸில் வைத்துக் கேட்டேன்.

"அக்கா, சங்கிலியில பக்கத்து பக்கத்தில கிடக்கிறவை எப்படியும் தொடத்தான் செய்வினம். கட்டி விட்டிருக்கு. அது ஒரு புதினமே இல்லை. அதால மூண்டு எண் வரைக்கும் பக்கத்து ஆக்களை நாங்கள் கணக்கில எடுக்கிறேல்ல. தூரத்து எண் வந்து தொட்டாத்தான் கணக்கு."

ஏழில் இருந்து மூன்று எண் முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். நாலு முதல் பத்து வரை நாங்கள் அவ்வளவு பேரும் அவளுக்குச் சுவர். ஆறாம் கட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் முனகினாள். நாலரை அவளைத் தாண்டிப் போய், ஒரே ஒரு தும்மல் தும்மிய இரண்டாம் கட்டிலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். படித்தவள் செய்கிற வேலையா இது? அன்றிலிருந்து அவளை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் காட்டாமல் இருக்க முடியாது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு இரவும் அந்த நெடிய கால்கள் என் காலை உதைத்துக்கொண்டே இருந்தன.

அப்படி இருக்கையில் அவளுக்குக் கெட்ட காலம் வந்தது. அவளுடைய புரதம் ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் சேர்ந்த சோடி. இரண்டுக்கும் தனித்தனியே ஒன்றில் இருந்து எண். ஆய்வுகூடத்தில் சூடாக்கியும் உப்புப் போட்டும் பார்த்தார்கள், சோடி பிரியவே இல்லை. நாலரையின் பட்டியலோ, இரண்டும் சும்மா கிட்ட நிற்கின்றன, நடுவில் தொடுகையே இல்லை என்றது. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவின் முன் இதற்குப் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கலாநிதிப் பட்டத்துக்கான பதிவு முடிந்தது, இனி நீடிப்பு இல்லை என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். நாலு வருஷ உழைப்பு. அவள் சாப்பிடவில்லை. இரண்டாம் கட்டிலோடு கூடக் கதைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் நான் வேலையால் வந்து படுத்திருந்தேன். அவள் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு காலை நீட்டினாள். என் சின்னி விரல் நகம் பாதி பெயர்ந்தது.

"ஏய்! இது மனுசக் கால்! ரெண்டு வருசமா உதைக்கிறாய், ஒரு நாளாவது சொரி சொன்னியா?"

அவள் தலை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நீங்கள் ஏழு, நானும் ஏழு. வித்தியாசம் பூச்சியம். அது கணக்கில வராது அக்கா."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"கணக்கா? நீ ரோட்டுப்பக்கம், நான் கடல்பக்கம்! உன்னையும் என்னையும் எவன் சங்கிலில கட்டினது? நம்பர் ஒண்டா இருந்தா பக்கத்து ஆளாடி? ஒருத்தரும் கட்டாமலே உன்ட கால் என்ட கால்லதான் கிடக்கு. இது தொடுகை இல்லாட்டி வேற எது?"

எட்டாம் கட்டில்காரி வாயில் பிஸ்கட்டோடு நின்றாள். நாலரை என்னை முதல் தடவையாக நேரே பார்த்தாள். வாய் திறந்தபடி இருந்தது. திருப்பித் திட்டப் போகிறாள் என்று நானும் தயாரானேன்.

"வரிசையைப் பாக்கேல்ல," என்றாள் மெல்ல. "ஐயோ அக்கா, நான் வரிசையைப் பாக்கவே இல்லை."

விஷயம் இவ்வளவுதான். பக்கத்து எண்களைத் தள்ளிவிடு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்ன புத்திசாலி, ஒரே சங்கிலிக்குள் இருந்தால் மட்டும் தள்ளு என்று சொல்ல மறந்துவிட்டாள். அந்தச் சோடி முகம் பார்த்து நின்று, இதன் ஐம்பத்தேழு அதன் ஐம்பத்தேழைப் பிடித்திருந்தது, இதன் ஐம்பத்தாறு அதன் ஐம்பத்தெட்டைப் பிடித்திருந்தது. சோடியைப் பிரியாமல் வைத்திருந்ததே அந்தப் பிடிதான். அதைத்தான் நாலு வருஷமாகக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு வரியைத் திருத்தினாள். நடுவில் புள்ளிகள் பொலபொலவென்று விழுந்தன. அறிவியலுக்கு நான் செய்த தொண்டு அரை நகம்.

நன்றி சொன்னாளா? இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் வெளுத்துப்போன சுடிதாரோடு குழுவின் முன் போகக் கிளம்பினாள். வாசல் காவலாளியே உள்ளே விடமாட்டான் என்று என் மெரூன் கைத்தறிச் சேலையைத் தூக்கி எறிந்தேன். வேறொன்றும் நினைத்துவிடாதீர்கள், ஹொஸ்டலின் மானம் எனக்கு முக்கியம். அன்று மத்தியானம் நான் அரை நாள் லீவு போட்டதும் அவளுக்காக இல்லை. எனக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.

மூன்று மணிக்கு வந்தாள். வாசலருகே ஒன்று, இரண்டு, மூன்றாம் கட்டில்களைத் திரும்பியும் பார்க்காமல் நேரே வந்தாள்.

"என்னாச்சு?"

"ஓம் எண்டிட்டினம் அக்கா."

சொல்லிவிட்டுக் கட்டிலில் விழுந்தாள். விழுந்த கையோடு தூங்கிவிட்டாள். என் சேலை கசங்கியது. வெடிப்பு விழுந்த அந்த நெடிய கால்கள் வழக்கம்போல் என் கால்மேல் வந்து கிடந்தன. நல்லதாக நாலு வார்த்தை திட்ட வைத்திருந்தேன். அவை மறந்துபோயின. பல்வலியும் எங்கோ போய்விட்டது. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.