ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்க வர வேண்டாம், அத்தான்

எலும்பு மருத்துவர் அறைக்கு வெளியே,
மூன்றாவது பெஞ்சு,
வியாழக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், தங்களுக்குத் தங்கை முறையாகும் என் மனைவியும், தாங்கள் கொடுத்த மோட்டார் சைக்கிளும் சுகம். அங்கு தாங்களும் அக்காவும் தங்களுடைய இரண்டு முழங்கால்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

திங்கட்கிழமை தாங்கள் தொலைபேசியில் பேசியதைக் கேட்டுக்கொண்டேன். 'பேசியது' என்று மரியாதைக்காக எழுதுகிறேன். "வண்டியைக் குடுக்கும்போது என்ன சொன்னேன்? ஒரு தடவை கீழ போட்டாலும் திரும்ப எடுத்துக்குவேன்னு சொன்னேனா இல்லையா? ஞாயித்துக்கிழமை வர்றேன், சாவியைத் துடைச்சு வை" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். வண்டியைத் துடைக்கச் சொன்னால் அர்த்தம் உண்டு, சாவியை எதற்குத் துடைக்க வேண்டும் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். அது போகட்டும். கண்ணாடிச் சாமான் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் நான். எது நடந்தாலும் எழுத்தில் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். ஆகவே நடந்தது இன்னது என்று எழுத்தில் தருகிறேன். படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று தாங்களே முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

முதலில் விபத்து. ஏழு வாரமாக நானும் என் மனைவியும் அக்காவிடம்கூட மூச்சு விடாமல் காத்த விஷயத்தை எங்கள் மாடி வீட்டுக்காரர் தங்களிடம் உளறிவிட்டார். உளறியதையாவது ஒழுங்காக உளறினாரா என்றால் அதுவும் இல்லை, நான் 'பறந்து விழுந்தேன்' என்றாராம். இதை வன்மையாக மறுக்கிறேன். அன்று என் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். எங்களுக்கு முன்னால் நடந்து போன நாய் கடைசிவரை முன்னால்தான் இருந்தது. தெருமுனையில் யாரோ வீடு கட்டுகிறார்கள், மணலை ரோட்டில் கொட்டி வைத்திருந்தார்கள், திரும்பும் இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். வண்டி களைத்துப் போனவர் கட்டிலில் சாய்வதுபோல இடப்பக்கமாக மெல்லச் சாய்ந்தது. நானும் கூடவே சாய்ந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி விழவே இல்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள், வண்டி அவளுக்கு அடியிலிருந்து நழுவிப் போய்விட்டது, அவள் கையில் பையோடு நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். அந்தப் பையில் பன்னிரண்டு முட்டை இருந்தது. ஒன்றுகூட உடையவில்லை. அடுக்கியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்த ஒவ்வொரு பெட்டியையும் இடுப்பு உயரத்திலிருந்து ஒரு முறை கீழே போட வேண்டும், பிறகு தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். உள்ளே கிணுங்கென்று சத்தம் வந்தால் பிரித்துவிட வேண்டும், வராவிட்டால் லாரியில் ஏற்றலாம். முப்பத்து நான்கு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது ரத்தத்தில் ஊறிவிட்டது. பையைக் கீழே வைத்தாள், மணலில் கிடந்த என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினாள், காதை என் நெஞ்சருகே கொண்டு வந்தாள். கட்டட வேலைக்காரர்கள் ஓடி வந்து, "என்னம்மா பண்றீங்க?" என்று பதறினார்கள். "உள்ள ஏதாவது ஒடஞ்சிருக்கான்னு பாக்குறேன்" என்றாள். வலியில் உயிர் போனது. இருந்தாலும் அத்தான், மணலில் கிடந்தபடியே எனக்குப் பெருமையாக இருந்தது.

உடைந்தது ஒன்றே ஒன்றுதான். இடது மணிக்கட்டில் மயிரிழை விரிசல். விழும்போது கையை ஊன்றிவிட்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. வண்டியைப் பொறுத்தவரை, அதன் வலப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்பதை உறுதியாகச் சொல்கிறேன். இடப்பக்கம் பற்றி நேரில் பேசுவோம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று என் மனைவி, "இனிமே அந்த வண்டியில நான் ஏற மாட்டேன். நீங்களா ஓட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அத்தான், தங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் போக இடமே இல்லை. காலையில் எழுந்து குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் சட்டையோடு உட்கார்ந்திருப்பேன். தாங்கள் முழங்காலுக்குப் பயந்து வண்டியை எனக்குக் கொடுத்த பிறகுதான் வீட்டில் காலை என்று ஒன்று விடிந்தது. காய்கறி வாங்க, நூலகத்துக்கு, சும்மா ஏரிக்கரை வரை என்று இருவரும் கிளம்பிவிடுவோம். அவள் ஏறியதும் என் வலது தோளில் கை வைப்பாள். முப்பத்து நான்கு வருடத்தில் அவள் நாலு பேர் பார்க்க என் தோளில் கை வைத்தது அந்த வண்டியில்தான். வண்டி போனாலும் பரவாயில்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கை எனக்குத் திரும்ப வேண்டும்.

அதனால் மாவுக்கட்டோடு இருந்த ஆறு வாரமும் நான் சும்மா இருக்கவில்லை. இனி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நிரூபித்துவிட்டால் ஏறிவிடுவாள் என்று கணக்குப் போட்டு, இருவருமாகக் காப்பு உடுப்புகள் விற்கும் கடைக்குப் போனோம். கடையை நடத்துவது ஒரு பெண். எப்போதும் கறுப்பு ஜாக்கெட்டில் பெரிய வண்டியில் போவதால் எங்கள் பக்கத்தில் அவருக்கு 'கறுப்பு ஜாக்கெட்' என்றே பெயர். நல்ல பெண், விஷயம் தெரிந்தவர், ஆனால் பேக்கிங் தெரியாதவர். "மெதுவா விழுந்தாலும் கைதான் சார் முதல்ல தரையைத் தொடும். கையுறையை முதல்ல எடுங்க" என்றார். சரிதான், என் மணிக்கட்டே சாட்சி. ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, "தலையை ஆட்டுங்க. கன்னமும் சேந்து ஆடணும். ஹெல்மெட் தனியா, தலை தனியா ஆடுனா அது உங்க அளவு இல்ல" என்றார். ஜாக்கெட்டைப் போட்டுக் கையை நீட்டச் சொன்னார். "முழங்கைப் பேட் முழங்கையிலயே நிக்கணும். தொளதொளன்னு இருந்தா விழும்போது அது வேற எங்கயாவது போயிருக்கும். இடைவெளியே இருக்கக் கூடாது சார்" என்றார்.

இடைவெளி இருக்கக் கூடாதாம்! பொருளுக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, அதில் அடைப்புப் பொருள். இதுதானே முப்பத்தொரு வருடம் நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்? பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "சார், தலை பீங்கான் இல்ல" என்றார். வாதம் வளர்ப்பானேன் என்று எல்லாவற்றையும் ஒரு அளவு பெரிதாக வாங்கிக்கொண்டு வந்து, மிச்ச இடத்தை வீட்டில் நானே ஃபோம் வைத்து அடைத்தேன். தோள்பட்டைக்குள் மட்டும் இரண்டு அங்குலம். என் மனைவி, கறுப்பு ஜாக்கெட் சொன்ன அளவிலேயே தனக்கு ஒரு ஹெல்மெட் எடுத்துக்கொண்டாள். 'ஏற மாட்டேன் என்றவள் எதற்கு எடுக்கிறாள்' என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் திருப்பி வைத்துவிடுவாள் என்று கம்மென்று இருந்தேன்.

வாங்கினால் போதுமா, சோதிக்க வேண்டாமா? என் ஹெல்மெட்டுக்குள் ஆறு கண்ணாடி டம்ளரைக் கட்டி வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து ஏழு முறை கீழே போட்டேன். காதில் வைத்துக் குலுக்கினேன். சத்தமே இல்லை! ஆறும் முழுசு! உடனே கறுப்பு ஜாக்கெட்டுக்குப் போன் செய்து சொன்னேன். எத்தனை முறை போட்டேன் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "சார், பலமா கீழ விழுந்த ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. உள்ள அமுங்கியிருக்கும், வெளிய தெரியாது. வேற வாங்கிடுங்க" என்றார். வாங்கினேன், இதுவும் ஒரு அளவு பெரிதாகத்தான். பழையதில் இப்போது வெங்காயம் இருக்கிறது. இங்கே தாங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும் அத்தான். ஒரு முறை விழுந்தால் மாற்ற வேண்டியது ஹெல்மெட்டைத்தான். வண்டிக்கோ ஓட்டுபவருக்கோ அப்படி ஒரு விதி இருப்பதாக அவர் சொல்லவில்லை.

சரி, இன்று காலைக்கு வருகிறேன். கட்டைப் பிரித்து ஒன்பது நாள் ஆகிறது. பக்கத்து இடங்களுக்கு ஓட்டலாம் என்று மருத்துவர் போன வாரமே சொல்லிவிட்டார், இன்று கைப்பிடி எவ்வளவு வலுத்திருக்கிறது என்று பார்க்க வரச் சொல்லியிருந்தார். நான் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வாசலில் வண்டியைக் கிளப்பினேன். மாட்டி முடிக்க இருபது நிமிடம் ஆனது, குனிய முடியவில்லை, அது தரத்தின் அடையாளம். திரும்பிப் பார்க்கிறேன், என் மனைவி ஹெல்மெட்டோடு நிற்கிறாள்! எக்ஸ்ரே உறையைப் பின்னால் கட்டினாள். கால்பலகையில் கால் வைத்தாள், வண்டி பின்பக்கம் ஒரு அமுங்கு அமுங்கியது. ஏதோ சொன்னாள், காதுக்கு வைத்த ஃபோமில் சரியாகக் கேட்கவில்லை. 'போகலாம்' என்பதாகத்தான் இருக்கும். பலமாகத் தலையை ஆட்டிவிட்டு எடுத்தேன்.

அத்தான், நான் ஓட்டியதைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்! மூன்று கிலோமீட்டர். ஒவ்வொரு திருப்பத்திலும் விளக்குப் போட்டேன், கையும் காட்டினேன். எங்களுக்குப் பின்னால் ஒரு பேருந்து வெகுதூரம் மரியாதையாக வந்தது. ஹாரன் என் காதில் விழவில்லை, ஆகையால் அடிக்கவில்லை என்றே கொள்கிறேன். அந்த மணல் முனை வந்ததும் இரண்டு காலையும் தொங்கவிட்டு, பிரேக்கைத் தொடாமல், நடக்கிற வேகத்தில் கடந்தேன். அங்கே வைத்துத்தான், முப்பத்து நான்கு வருடத்தில் சொல்லாத ஒன்றை ஃபோம் விட்ட அளவுக்குக் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவளிடம் சொன்னேன். "நீ பின்னாடி உக்காந்தாதான் எனக்கு வண்டி நேரா போகுது." சொல்லிவிட்டு அடுத்த திருப்பத்துக்குக் கை காட்டினேன்.

அவள் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. 'மெதுவா' இல்லை, 'பாத்து' இல்லை, 'அய்யோ' இல்லை! நிறுத்தி, இறங்கி (இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது), திரும்பிப் பார்ப்பதற்குள் டோக்கன் போட உள்ளே போய்விட்டாள். நான் வண்டி ஓட்டுவதன் மேல் அவளுக்கு இருக்கும் நம்பிக்கைக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? இதற்கு மேலும் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து சாவியைக் கேட்பீர்களா? கேட்க மாட்டீர்கள். இருபத்திரண்டு வருடம் கீறல் படாமல் தாங்கள் ஓட்டிய வண்டி தகுதியானவன் கையில்தான் இருக்கிறது என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். (ஜாக்கெட்டில் அது தானாகவே நிமிர்ந்துதான் இருக்கிறது.)

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக நூறாண்டு நடக்கட்டும் என்று வாழ்த்த வயதில்லாமல் வணங்கி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
விழுந்தும் நிமிர்ந்த,
தங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: என் மனைவி இப்போதுதான் வந்தாள். டோக்கன் போடும் இடத்திலிருந்து இல்லை, வாசலிலிருந்து, பேருந்துச் சீட்டோடு. கால்பலகையில் கால் வைத்தபோது மாடித் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்திருக்கிறாள். "மோட்டாரை நிறுத்திட்டு வர்றேன், இருங்கன்னு சொன்னேன். நீங்களும் தலையைத் தலையை ஆட்டுனீங்க. திரும்பி வந்தா வாசல்ல புகைதான் இருக்கு" என்கிறாள். எனக்குப் பின்னால் வந்த பேருந்தில்தான் வந்திருக்கிறாள். அது அப்புறம் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வந்ததால் தாமதம். ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்ததாம்.

ஆகவே மேலே கொடுத்த சான்றிதழ் செல்லாது. எழுத்தில் கொடுத்ததை அடிக்கும் வழக்கம் எனக்கில்லை, அதனால் திருத்தமாகச் சேர்க்கிறேன். இரண்டு அங்குல ஃபோமுக்கு மேல் யார் கை வைத்தாலும் தெரியாது, வைக்காவிட்டாலும் தெரியாது. இதை முப்பத்தொரு வருடம் பெட்டி கட்டியவனுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். கறுப்பு ஜாக்கெட் சொன்னார் என்கிறாள் என் மனைவி.

திட்டுவாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "பஸ் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டேதான் வந்தேன். நல்லாத்தான் ஓட்டுறீங்க. நான் பின்னாடி இருக்கேன்னு நினைச்சுதானே அப்படி ஓட்டுனீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப இந்த அடைசலையெல்லாம் உருவிப் போட்டுட்டு, சாயங்காலமே போய் சரியான அளவுல மாத்திக்கிட்டு வாங்க. நான் புடிச்சா உங்களுக்குத் தெரியணும்ல?" என்றாள். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து தோள்பட்டையிலிருந்து ஃபோமை உருவிக்கொண்டிருக்கிறேன். எதிரே காலில் கட்டோடு இருப்பவர் என்னைக் கண்கொட்டாமல் பார்க்கிறார். "அந்த மணல் முனையில திரும்பித் திரும்பி ஏதோ பேசிக்கிட்டு போனீங்களே, டிரைவர்கூட சிரிச்சாரு, என்ன பேசுனீங்க?" என்று அவள் நான்காவது முறையாகக் கேட்கிறாள். இத்தனை பேர் நடுவே எப்படிச் சொல்வது? திரும்பும்போது அதே முனையில் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

தாங்கள் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள் அத்தான். நாங்கள் இருவரும் ஏறித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறோம். பின்னால் ஆள் இருக்கிறதா என்று தாங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு தாங்கள் என்ன சொன்னாலும் சரி, சாவியைத் துடைத்து வைத்திருப்பேன்.