மாப்பிள்ளை ஊருக்கு ஒரு லோடு சிரட்டை

செந்திலாண்டவன் துணை

தூத்துக்குடி,
மார்கழி மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜெயகணேஷ் அவர்களுக்கு மாமன் பிச்சையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை சந்தனமாரியும் கொசு, முழங்கால் வலி, கரண்ட் பில் நீங்கலாக மற்றபடி சுகம். சுவீடன் தேசத்தில் நீங்களும், ஏழு மாதம் நிறைந்து நிற்கும் என் மகள் பானுவும், இன்னும் பெயர் வைக்காத அந்த மூன்றாவது ஆளும் சுகமாக இருக்கச் செந்தூர் முருகன் ஒரு கண் வைக்கட்டும். கூடப்பிறந்த அக்காள் மகன், மூக்கை ஒழுக்கிக்கொண்டு என் தோளில் கிடந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் முன்பெல்லாம் உங்களை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவேன். என் மகளைக் கட்டிய பிறகு அப்படிக் கூப்பிடக்கூடாது என்று என் அக்காள், அதாவது உங்கள் அம்மா பிச்சம்மாள், கல்யாண மேடையிலேயே என்னைக் கண்டித்துவிட்டாள். ஆகவே இந்தக் கடிதம் முழுக்க 'நீங்கள்' என்றே எழுதுவேன். எங்காவது தவறினால் அது பேனாவின் குற்றம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் பானு குறுக்கே வந்து, அப்பா மாத்திரை போட்டியளா என்று பேச்சைத் திருப்பிவிடுகிறாள். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் அது எப்படியோ குடும்பக் குழுவில் போய் விழுந்து, ஆறுமுகநேரியில் உங்கள் அம்மா முதற்கொண்டு சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுவிட்டு ஆளுக்கொரு கும்பிடு போடுகிறார்கள். அதனால்தான் பானு கண்ணில் படாதபடி உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். தலைப்பிரசவம் தாய் வீட்டில். இது நான் போட்ட சட்டம் இல்லை, என் அப்பன் போட்டதும் இல்லை, நீங்களே எங்கள் வீட்டு உள்ளறையில்தான் பிறந்தீர்கள், அன்றைக்கு மழையில் ஆட்டோவுக்கு அலைந்து மருத்துவச்சியைக் கூட்டி வந்தவன் இந்த மாமன்தான். அந்த உள்ளறைக்கு இப்போது வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டு, கருப்பட்டியும் சுக்கும் கடையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தாயிற்று. இத்தனையும் செய்த பிறகு போன வாரம் பானு போனில், "நான் வரல்லப்பா, இங்கனயே பெத்துக்கிடுதேன்" என்கிறாள். ஏன் என்று கேட்டால், அப்பா மாத்திரை போட்டியளா என்கிறாள். அத்தையிடம் போனைக் கொடுத்தால் அவள் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாள்.

சரி, அந்த ஊரில் பெறுவதற்கு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். குறை இருக்கிறது. உங்கள் வேலையைப் பற்றித் தவறாகச் சொல்லவில்லை. ஊர்க் குப்பையை எல்லாம் பெரிய உலையில் போட்டு எரித்து, அந்தச் சூட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதைத் தெருவுக்கு அடியில் குழாய் போட்டு வீடு வீடாக அனுப்பி, சுவரில் இருக்கிற இரும்புப் பலகை வழியாக அறை எல்லாம் சூடாக்குகிறீர்கள் என்று நீங்கள் விளக்கியபோது நான் வாயைப் பிளந்தேன். இங்கே பச்சைத்தண்ணீர் குழாயில் வந்தாலே தெருவே குடத்தோடு ஓடுகிறது. ஆனாலும் யோசியுங்கள் மாப்பிள்ளை. அடுத்தவன் தின்றுவிட்டுப் போட்ட குப்பையை நம்பித்தான் என் மகள் குளிர் காய வேண்டுமா? அவன் நாளைக்கு விரதம் இருந்தால் என்ன ஆகும்? எங்கள் ஊரில் சூட்டுக்கு யாரும் குப்பை போட வேண்டியதில்லை. உப்பளத்துக்காரன் எவனும் அடுப்பு மூட்டி உப்பு விளைவித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மேலே இருக்கிறவன் காலையில் ஏற்றிவிடுகிறான், இனாமாக.

நான் சும்மா பயப்படவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் வீடியோவில் பார்த்தால் பானு குல்லாய், கம்பளி, அதன் மேல் உங்கள் கோட்டு என்று பொதி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் வேலை பார்க்கிற பிளான்ட்டில் ஏதோ ரிப்பேர், ராத்திரிக்குள் சரியாகிவிடும் என்றாள். ரிப்பேராம். அதற்கு முந்தின மாதம்தான் நீங்கள் உங்கள் வாயால், எங்க ஊர்க் குப்பை பத்தல மாமா, வெளிநாட்டுலேர்ந்து கப்பல்ல வாங்குதோம் என்று பெருமையாகச் சொன்னீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியாதா? குப்பை தீர்ந்துவிட்டது, அப்பன் பயப்படக்கூடாது என்று ரிப்பேர் என்கிறாள். முப்பது வருஷமாகத் தேங்காய் மண்டி வைத்திருப்பவனுக்கு, சரக்குத் தட்டுப்பாடு வந்தால் கடைக்காரன் என்ன பொய் சொல்லுவான் என்று தெரியாதா?

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். கப்பலில் வாங்குவதென்றால் யாரோ எவனோ போட்ட குப்பையை ஏன் வாங்க வேண்டும்? நம் ஊரில் துறைமுகம் இல்லையா, என் மண்டிக்குப் பின்னால் தேங்காய்ச் சிரட்டை மலையாகக் கிடக்கவில்லையா? சிரட்டை எரிந்தால் நின்று எரியும், நாற்றம் கிடையாது. பொங்கலுக்கு மகள் வீட்டுக்குச் சீர் அனுப்புகிற மாதிரி ஒரு லோடு சிரட்டை அனுப்பினால், பேறுகாலத்துக்கு இங்கே வந்து சேருகிற வரைக்கும் அவள் தெருவாவது குளிராமல் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். துறைமுகத்தில் ஏற்றுமதி வேலை பார்க்கிற காயல்பட்டினத்து அபுல் ஹஸனைப் போய்ப் பார்த்தேன். அவர் பொறுமையான மனுஷன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, இது சரக்கா, குப்பையா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். "இங்கன சரக்குதான். அங்கன போய்க் குப்பையாயிரும்" என்றேன். சரக்கு என்றால் வாங்குகிறவன் பெயர் வேண்டுமாம், குப்பை என்றால் அந்த நாட்டு சர்க்கார் சம்மதம் வேண்டுமாம். மகளுக்குச் சீர் என்று போடும் ஐயா என்றேன். சீர் என்று ஒரு வகை அவர்கள் கம்ப்யூட்டரில் கிடையாதாம். என்ன கம்ப்யூட்டரோ.

இந்தப் பேச்சை டீக்கடையில் யாரோ காதில் வாங்கி, பிச்சையா அண்ணாச்சி வெளிநாட்டுக்குக் குப்பை அனுப்புகிறார் என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். மறுநாள் கடை திறக்கப் போனால் வாசலைக் காணோம். கால் போன பிளாஸ்டிக் நாற்காலி, பஞ்சு பிதுங்கின மெத்தை, படம் தெரியாத டிவி, யாரோ ஒருவருடைய கல்யாண போட்டோவுக்கான பெரிய கண்ணாடிச் சட்டம். திரேஸ்புரத்திலிருந்து பவுல், நம் கடையில் வாடிக்கையாகத் தேங்காய் வாங்குகிறவன், கிழிந்த நைலான் வலைகளை ஒரு குட்டியானை வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். "பானு பாப்பா குளிருல கெடக்காமே. எம் பங்குக்கு இது கெடக்கட்டும் அண்ணாச்சி" என்றான். அந்தப் பிள்ளை மனசைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? மீன் வாடைக்கு வட்டாரத்துப் பூனை எல்லாம் வந்து வலைமேல் படுத்துக்கொண்டன. அப்புறம் சுகாதார ஆய்வாளர் வந்தார். தெருக் குப்பை பூரா உங்கள் வாசலில் எப்படி வந்தது என்றார். நான் சுவீடனிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் வாசல் வெறுமையாக வேண்டும் என்று மட்டும் சொல்லிப் போனார்.

வெறுமையாக்குவது லேசா? மக்குகிறது தனி, மக்காதது தனி என்று பிரித்துக் கொடுத்தால்தான் வண்டியில் எடுப்போம் என்றுவிட்டார்கள். நானும் உங்கள் அத்தையும் நடுத்தெருவில் முக்காலி போட்டு உட்கார்ந்து பிரிக்கிறோம். அந்த நேரம் பார்த்தா உங்கள் அம்மா ஆறுமுகநேரியிலிருந்து பஸ் இறங்கி வரவேண்டும்? நின்று பார்த்தாள். "ஏலே தம்பி, எம் மவன் அங்கன செய்யுத வேலையத்தான நீ இங்கன செய்யுத? நீயும் சுவீடன்லயே போய்ச் சேந்துக்கிடலாம்லா" என்றாள். அதோடு விட்டாளா? சாப்பிட்டதும் அவளும் உங்கள் அத்தையும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனால் முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள். மறுபடி போனேன், மறுபடி முருங்கைக்காய். இரண்டு பொம்பளைகள் அத்தனை நேரம் பேசுவதற்கு முருங்கைக்காயில் என்ன இருக்கிறது?

எனக்குத் தெரியும் என்ன இருக்கிறது என்று. இது உங்கள் ஏற்பாடு. பெண்டாட்டியை விட்டு இருக்க முடியாமல் நீதான் அவளை வரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறாய். ஏலே கணேசா, நான் உனக்கு எதில் குறை வைத்தேன்? எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் வலி எடுத்துக் கத்துகிறபோது வாசலில் நிற்கக்கூட எனக்கு வழியில்லாமல் பண்ணிவிட்டாயே, இது நியாயமா? அங்கே அவள் தலையைத் தடவ யாருலே இருக்கா? குழாயில் வருகிற வெந்நீரா தடவும்? மன்னிக்கவும். பேனா தவறிவிட்டது. தாங்கள் தயவுசெய்து தை பிறப்பதற்குள் பானுவை விமானம் ஏற்றி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விசேஷத்துக்கு மாமன் வரமாட்டான் என்பதைக் கண்டிப்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மற்றபடி கோபமாக எழுதியதை மனதில் வைக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, உலை பக்கத்தில் போகும்போது பார்த்துப் போய், வேலையில் மேலும் மேலும் உயர வேண்டும். பானுவுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். கதிரும் முத்தும் போலப் பெற்றுப் பிழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபத்தோடும் அன்போடும் மாமன்,
பிச்சையா.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் அத்தை இதை எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பானுவுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். விமானத்தில் ஏறக்கூடாது, அலையக்கூடாது, உதிரம் போனால் ஆபத்து என்று அந்த ஊர் டாக்டர் சொல்லிவிட்டாராம். பிள்ளை வரமாட்டேன் என்று சொன்னது வரமுடியாமல். எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நல்ல சேதி மட்டும்தான் சொல்வது என்று நீ, பானு, அக்காள், இவள் நாலு பேரும் பேசி வைத்திருக்கிறீர்கள். வேம்பாரில் தன் தம்பி வீட்டு விசேஷம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன உன் அத்தை, உண்மையில் பேறுகாலத்துக்கு அங்கே வருவதற்காகப் பாஸ்போர்ட் எடுக்கப் போயிருக்கிறாள். அதற்கு விசாரிக்க வந்த போலீஸ்காரரைப் பார்த்து, குப்பைக்குத்தான் பிடிக்க வந்திருக்கிறார் என்று நான் பின்வாசலில் ஒளிந்து நின்றேன். விசாவும் வந்துவிட்டதாம். அடுத்த வாரம் கிளம்புகிறாள்.

எனக்கு அழுகை வந்தது கணேசா. அழுதேன். ஆகவே மேலே எழுதியது எதுவும் இல்லை என்று வைத்துக்கொள். பானுவை அனுப்பாதே. படுத்த இடத்தை விட்டு அசையவிடாதே. எவன் வீட்டுக் குப்பையாக இருந்தாலும் சரி, எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி, அள்ளிப் போட்டு நல்லா எரிலே. அவள் அறை ஒரு நிமிஷம்கூடக் குளிரக்கூடாது. இதைக் கிழித்துப் போடுங்கள் என்கிறாள் உன் அத்தை. கிழித்தால் இங்கே தெருவில்தான் கிடக்கும். அதனால் அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அங்கே காகிதத்தைத் தனியாக எடுத்து வைப்பீர்களாம். இதை மட்டும் எரிகிற குப்பையோடு போட்டுவிடு.